அழகியல் பல் மருத்துவம்

அழகியல் பல் மருத்துவம் என்பது பற்களின் நிறம், வடிவம், வரிசை, இடைவெளி ஆகியவற்றைச் சீர்செய்து தோற்றத்தை மேம்படுத்தும் பல் மருத்துவச் செயல்முறைகளின் தொகுப்பாகும். பல் வெளுப்பாக்கல், பல்நிறப் பிசின் பூச்சு, பீங்கான் முகப்பு, பல் கட்டுதல், பற்சீரமைப்பு முதலியன இதில் அடங்கும். இது நோய் நீக்கும் பல் மருத்துவத்திலிருந்து முற்றிலும் வேறுபட்ட துறையன்று. முன்பல்லின் சொத்தையைப் பல்நிறப் பொருளால் அடைப்பது நோயையும் நீக்குகிறது, தோற்றத்தையும் மீட்கிறது.

பல்லின் புறப்பகுதியான எனாமல் ஒருமுறை இழக்கப்பட்டால் மீண்டும் வளர்வதில்லை. எனவே, அன்றாடப் பராமரிப்பினால் பல்லைக் காப்பது முதற்படி, சொத்தையையும் ஈறு நோயையும் குணப்படுத்துவது இரண்டாம் படி, தோற்றத்துக்கான சிகிச்சை மூன்றாம் படி என்னும் வரிசையே பல் மருத்துவத்தில் பின்பற்றப்படுகிறது. தோற்றத்துக்கான சிகிச்சைகளிலும் பல்லைக் குறைவாக அராவும் முறையே முதலில் கருதப்படுகிறது.

பல்லின் அமைப்பும் நிறமும்

மனிதருக்கு 20 பாற்பற்களும் 32 நிலைப்பற்களும் உள்ளன. பாற்பற்கள் ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முளைக்கத் தொடங்குகின்றன. நிலைப்பற்கள் ஏறத்தாழ ஆறு வயதில் தோன்றத் தொடங்குகின்றன. அவ்வயதில் பாற்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் முதற் கடைவாய்ப்பல் விழுந்து முளைப்பதன்று. இதனைப் பாற்பல் எனக் கருதிப் பெற்றோர் கவனியாது விடுவதால் இளவயதிலேயே இப்பல் சொத்தையாவது உண்டு.

பல்லின் வெட்டுமுகத்தில் மூன்று அடுக்குகளைக் காணலாம்.

- எனாமல்: வெளி அடுக்கு. மனித உடலின் மிகக் கடினமான பகுதி இதுவே. எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமப் பொருளாகும். இது ஒளியைப் பகுதியளவு ஊடுருவ விடும்.
- தந்தினி: எனாமலுக்கு அடியில் உள்ள, இளமஞ்சள் நிறமான அடுக்கு. இதிலுள்ள நுண்குழாய்கள் வழியாகவே பல் கூச்சம் உணரப்படுகிறது.
- பற்கூழ்: நரம்புகளும் குருதிக்குழாய்களும் அமைந்த நடுப்பகுதி.

பல்லின் நிறம் பெரும்பாலும் தந்தினியின் நிறமே ஆகும். எனாமல் வழியாக அது வெளித்தெரிகிறது. ஆகவே இயற்கையான, நலமான பல் சற்றே மஞ்சள் சாயல் உடையது. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிவதால் மஞ்சள் சாயல் கூடுகிறது. கடினமாகத் தேய்த்துப் பல்லை வெண்மையாக்க முயல்வோர் எனாமலை இழந்து, நாளடைவில் பல்லை மேலும் மஞ்சளாக்கிக் கொள்கின்றனர்.

வரலாறு

தமிழகத்தில் ஆலங்குச்சி, வேலங்குச்சி, வேப்பங்குச்சி ஆகியவற்றால் பல் துலக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி தரும் என்னும் பழமொழி இவ்வழக்கத்தைக் குறிக்கிறது. குச்சியின் நுனியை மென்று நார்நாராக்கி, அதனைத் தூரிகை போலப் பயன்படுத்தினர். உமிக்கரி, சாம்பல், உப்பு, செங்கல் தூள் ஆகியவற்றை விரலால் தேய்க்கும் வழக்கமும் இருந்தது. இவற்றுள் செங்கல் தூள் போன்ற பரும்படியான பொருட்கள் எனாமலைத் தேய்ப்பவை. பின்னர்ப் பொதிகளில் விற்கப்பட்ட பற்பொடிகளும் அவற்றையடுத்துப் பற்பசையும் பரவின. சில பற்பொடிகளில் புகையிலையும் கலக்கப்பட்டது. புகையிலை கலந்த பற்பொடி, பற்பசை ஆகியவற்றை இந்திய அரசு 1992 ஆம் ஆண்டில் தடை செய்தது.

இந்தியாவின் முதலாவது பல் மருத்துவக் கல்லூரியை மருத்துவர் ரபியுதீன் அகமது 1920 இல் கொல்கத்தாவில் நிறுவினார். அவரது பிறந்த நாளான திசம்பர் 24 தேசியப் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பல் மருத்துவர் சட்டம் 1948 இல் இயற்றப்பட்டது. தமிழ்நாடு அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1953 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவாகத் தொடங்கியது.

இன்றைய அழகியல் முறைகள் பலவற்றுக்கு 1955 இல் மைக்கேல் புவனகோர் என்பவர் வெளியிட்ட கண்டுபிடிப்பு அடிப்படையாகும். எனாமலின் மீது அமிலத்தைச் சிறிது நேரம் பூசினால் நுண்ணிய குழிகள் உண்டாகி, பிசின் அதில் பிடித்துக்கொள்ளும் என அவர் காட்டினார். அதற்கு முன்னர் அடைப்புப் பொருள் நிற்பதற்காகப் பல்லைப் பெரிதும் குடைய வேண்டியிருந்தது. 1965 இல் சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானமார்க் தைட்டானியத் திருகினைத் தாடை எலும்பில் பொருத்தி, அதன்மேல் செயற்கைப் பல் நிறுத்தும் முறையை மனிதரில் முதன்முறையாகச் செய்தார்.

அன்றாடப் பல் பராமரிப்பு

வாயிலுள்ள பாக்டீரியாக்கள் பல்லின் மேல் ஒட்டும் தன்மையுள்ள படலமாகப் படிகின்றன. இவை உணவிலுள்ள சர்க்கரையைச் சிதைத்து அமிலம் உண்டாக்குகின்றன. படலத்தின் அமில-காரக் குறியீடு ஏறத்தாழ 5.5 இற்குக் கீழ் இறங்கும்போது எனாமலிலிருந்து கனிமம் கரைகிறது. பின்னர் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்துக் கனிமத்தைத் திரும்பப் படிய வைக்கிறது. கரைதல் மிகும்போது சொத்தை தோன்றுகிறது. அடிக்கடி சிறிது சிறிதாக இனிப்பு உண்பது ஒரே வேளையில் உண்பதை விடத் தீங்கானது என்பதற்கு இதுவே காரணம். நாளொன்றுக்குப் பலமுறை அருந்தும் சர்க்கரை கலந்த தேநீரும் காப்பியும் இதில் அடங்கும்.

துலக்கும் முறை

- நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் துலக்குதல் வேண்டும். இரவு உறங்கப் போகுமுன் துலக்குவது இன்றியமையாதது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் சொத்தை எளிதில் பற்றும்.
- மென்மையான இழைகளுள்ள தூரிகையை ஈறும் பல்லும் சேருமிடத்தில் சாய்வாக வைத்து, சிறு வட்டங்களாக மெல்லத் தேய்க்க வேண்டும். குறுக்காக அழுத்தித் தேய்த்தால் ஈறு கீழிறங்கிப் பல்லின் கழுத்துப் பகுதி தேயும்.
- இழைகள் வளைந்துவிட்டால், அல்லது ஏறத்தாழ மூன்று மாதத்துக்கொருமுறை, தூரிகையை மாற்ற வேண்டும்.
- மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணியளவும் பற்பசை போதுமானது.
- துலக்கிய பின் நுரையைத் துப்பிவிட வேண்டும். உடனே நிறைய நீரால் கொப்பளித்தால் பல்லின் மேல் நிற்க வேண்டிய புளோரைடு கழுவப்பட்டுவிடும்.
- பல்லிடுக்கில் தூரிகை எட்டாது. அங்குப் பல்நூல் அல்லது இடுக்குத் தூரிகை பயன்படுத்தலாம். குண்டூசி, ஊக்கு ஆகியவற்றால் குத்துவது ஈற்றைப் புண்ணாக்கும்.

பற்பசையில் உள்ள புளோரைடு எனாமலை அமிலத்துக்கு எதிராக வலுப்படுத்துகிறது. இந்தியாவில் பற்பசையில் புளோரைடின் அளவு பத்து இலட்சத்தில் 1000 பங்கைத் தாண்டக்கூடாது என வரையறுக்கப்பட்டுள்ளது. அதன் அளவு பொதியுறையில் குறிக்கப்பட வேண்டும்.

ஈறு நலம்

பல்லின் மேல் படிந்த படலம் அகற்றப்படாவிடில் இறுகிக் காரையாகிறது. காரையைத் தூரிகையால் நீக்க இயலாது. அது ஈற்றை அழற்றி, துலக்கும்போது குருதி வடியச் செய்யும். நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பும் கரைந்து பல் ஆடும். புகைப்போருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் இது விரைவில் முற்றும். குருதி வடிகிறதென்று துலக்குவதை நிறுத்துவது நோயை மிகுவிக்கும். மருத்துவர் கருவியால் காரையை அகற்றும் முறை ஸ்கேலிங் எனப்படும்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை

வெற்றிலை பாக்குப் போடுவதால் பல்லில் செங்காவிக் கறை படிகிறது. கறை வெளிக்குறி மட்டுமே. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் வகைப்படுத்தியது. பாக்கு மெல்வோரில் கன்னத்தின் உட்தோல் நாரேறி இறுகி, வாயை முழுதும் திறக்க இயலாத நிலை ஏற்படலாம். இது புற்றுநோயாக மாறக்கூடும். வாயில் இரண்டு வாரத்துக்கு மேலும் ஆறாத புண், வெண்திட்டு, செந்திட்டு ஆகியன இருப்பின் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் குட்கா, பான்மசாலா ஆகியவற்றுக்கு 2013 இல் தடை அறிவிக்கப்பட்டது.

நிறமாற்றத்தின் காரணங்கள்

சிகிச்சையைத் தேர்வதற்கு முன் கறையின் காரணத்தை அறிதல் வேண்டும்.

- புறக்கறை: தேநீர், காப்பி, வெற்றிலை, புகையிலை ஆகியவற்றால் பல்லின் மேற்பரப்பில் படிவது. ஸ்கேலிங் செய்து மெருகூட்டினாலே பெரும்பாலும் நீங்கும்.
- அகக்கறை: பல்லின் உள்ளே அமைந்தது. குழந்தைப் பருவத்தில் மிகுதியான புளோரைடு, டெட்ராசைக்கிளின் வகை மருந்து, எனாமல் வளர்ச்சிக் குறை ஆகியவற்றால் உண்டாகலாம்.
- ஒற்றைப் பல் கருமை: அடிபட்டதால் பற்கூழ் இறந்த பல் சாம்பல் அல்லது கரும்பழுப்பாக மாறும். இதற்கு வேர்சிகிச்சை தேவைப்படலாம்.
- சொத்தை: கரும்புள்ளியாகவோ சுண்ணாம்பு போன்ற வெண்புள்ளியாகவோ தொடங்கும்.

அழகியல் சிகிச்சை முறைகள்

பல் வெளுப்பாக்கல்

ஐதரசன் பெராக்சைடு அல்லது கார்பமைடு பெராக்சைடு கொண்ட களிம்பு எனாமலை ஊடுருவி நிறப்பொருளைச் சிதைக்கிறது. பல்லின் அளவுக்குச் செய்த உறையில் பெரும்பாலும் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு இட்டு இரவில் அணிவது வீட்டு முறை. அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். செறிவு மிகுந்த களிம்பை மருத்துவரே பூசுவது மருத்துவமனை முறை. இரண்டிலும் சில நாட்கள் பல் கூச்சம் இருக்கலாம். விளைவு நிலையானதன்று. முன்னரே அடைத்த பொருளும் பீங்கான் பல்லும் வெளுக்காது. ஆகவே அவற்றின் நிறம் பின்னர்த் தனித்துத் தெரியக்கூடும். சொத்தை, ஈறு நோய் உள்ளபோதும், கருவுற்ற காலத்திலும் இது தவிர்க்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 18 வயதுக்குட்பட்டோருக்கு இம்முறை அனுமதிக்கப்படுவதில்லை.

பல்நிறப் பிசின் பூச்சு

உடைந்த முன்பல் நுனி, பல்லிடைவெளி, சிறு கறை ஆகியவற்றைப் பிசினால் வடிவமைத்து, நீல ஒளியால் இறுகச் செய்வர். பெரும்பாலும் ஒரே நாளில் முடியும். பல்லை அராவுவது மிகக் குறைவு. சில ஆண்டுகளில் நிறம் மங்கவோ விளிம்பு உடையவோ கூடும். எனினும் எளிதில் பழுதுபார்க்கலாம். இளவயதினருக்கு இது ஏற்றது.

பீங்கான் முகப்பு

பல்லின் முன்பக்கத்தில் ஒட்டப்படும் மெல்லிய பீங்கான் தகடு. பொதுவாக 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை எனாமல் அராவப்படுகிறது. நிறமும் மினுமினுப்பும் நீண்ட காலம் நிற்கும். அராவிய எனாமல் திரும்பாததால், இதனைச் செய்துகொண்டவர் வாழ்நாள் முழுவதும் ஏதேனும் ஒரு மேற்பூச்சைச் சார்ந்திருக்க வேண்டும். பல் நெறிக்கும் பழக்கம் உள்ளோருக்கு உடையக்கூடும்.

கேப் எனப்படும் பல் உறை

வேர்சிகிச்சை செய்த பல், பெரிதும் சிதைந்த பல் ஆகியவற்றை முழுதும் மூடும் உறை. உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், சிர்கோனியா ஆகியவற்றால் செய்யப்படுகிறது. இதற்குப் பல்லின் எல்லாப் பக்கங்களையும் அராவ வேண்டும். நலமான பற்களை நிறத்துக்காக மட்டும் அராவி உறையிடுவது தேவையற்ற இழப்பாகும்.

பற்சீரமைப்பு

தெத்துப்பல், சிங்கப்பல், எத்துப்பல் ஆகியவற்றைக் கம்பி போட்டு மெல்ல நகர்த்தி வரிசைப்படுத்துவது. பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். நிறமற்ற கழற்றக்கூடிய உறைகளாலும் செய்யலாம். பல்லை அராவாமல் தோற்றத்தை மாற்றும் முறை இது. கம்பியைச் சுற்றி உணவு தங்குவதால் துலக்குதலில் கவனம் குறைந்தால் வெண்புள்ளிகள் நிலைத்துவிடும். சிகிச்சை முடிந்தபின் நிலைநிறுத்தி அணியாவிட்டால் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

இழந்த பல்லை ஈடுசெய்தல்

கழற்றி மாட்டும் பல்செட்டு, இருபக்கப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு நிலையாகக் கட்டும் பல், எலும்பில் பொருத்தும் தைட்டானிய உள்வைப்பு என மூன்று வழிகள் உள்ளன. நிலையாகக் கட்டும் முறையில் அருகிலுள்ள நலமான பற்கள் அராவப்படும். உள்வைப்பில் அவை தொடப்படுவதில்லை. எனினும் செலவும் காலமும் கூடுதல், போதிய எலும்பும் தேவை.

தமிழ்நாட்டில் புளோரைடு பற்கறை

குடிநீரில் புளோரைடு மிகுந்தால் எனாமல் உருவாகும் பருவத்தில் அது பாதிக்கப்படுகிறது. ஏறத்தாழ எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே இப்பாதிப்பு ஏற்படும். வெண்கோடு, வெண்திட்டு என லேசாகவும், பழுப்புக் கறை, குழி எனக் கடுமையாகவும் பற்களில் தெரியும். இந்தியத் தர நிறுவனம் குடிநீரில் இலிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராமை உச்ச அளவாகவும் வகுத்துள்ளது. இந்தியாவில் இந்நோய் அப்போதைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்திலிருந்து 1937 இல் அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதியாக உள்ளது. காவிரி நீரை அம்மாவட்டங்களுக்குக் கொண்டு செல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013 இல் அது தொடங்கி வைக்கப்பட்டது. அதன் நோக்கங்களுள் புளோரைடு பாதிப்பைத் தணிப்பதும் ஒன்றாகும்.

நீர் மாறினாலும் ஏற்கனவே கறைபட்ட நிலைப்பற்கள் தாமாக மாறுவதில்லை. பழுப்புப் பல்லைத் துலக்காத பல் எனப் பிறர் எண்ணுவதால் இளைஞர்கள் வாய்திறந்து சிரிக்கக் கூசுகின்றனர். இவர்களுக்கு அழகியல் சிகிச்சை ஆடம்பரமன்று. லேசான கறைக்கு அமிலமும் நுண்பொடியும் கொண்டு மேற்பரப்பை மெல்ல நீக்குதல், வெளுப்பாக்கல், வெண்திட்டில் பிசினை ஊடுருவச் செய்தல் ஆகியன போதுமானவை. குழி விழுந்த பல்லுக்குப் பிசின் பூச்சும், கடுமையான நிலையில் முகப்பு அல்லது உறையும் பயன்படும்.

தவறான கருத்துகள்

- "ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், எனாமல் தேயும்": காரை எலும்பைக் கரைத்ததால் பல் முன்னரே பிடிப்பை இழந்திருக்கும். காரை நீங்கியபின் அது உணரப்படுகிறது. முறையான ஸ்கேலிங் எனாமலைத் தேய்ப்பதில்லை.
- "மேற்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை குன்றும்": பல்லுக்கும் பார்வைக்குமான நரம்புகள் வேறானவை.
- "சொத்தைக்குக் காரணம் பூச்சி": புழுவோ பூச்சியோ இல்லை, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களின் அமிலமே காரணம்.
- "பாற்பல் விழப்போவதே, சிகிச்சை வேண்டா": பாற்பல் உரிய காலத்துக்கு முன் இழக்கப்பட்டால் அருகிலுள்ள பற்கள் சாய்ந்து, நிலைப்பல் வரிசை தவறி முளைக்கும்.
- "கரித்தூளும் எலுமிச்சையும் பல்லை வெண்மையாக்கும்": கரித்தூள் தேய்க்கும், எலுமிச்சையின் அமிலம் எனாமலைக் கரைக்கும்.

நோயாளர் பாதுகாப்பு

தோற்றத்துக்கான சிகிச்சை எனினும் அது குருதியும் உமிழ்நீரும் தொடும் மருத்துவச் செயல்முறையே. 2023 இல் வாணியம்பாடிப் பகுதியில் ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியோய்டோசிசு நோய் ஏற்பட்டு, அவர்களுள் எட்டுப் பேர் இறந்தனர் என 2025 இல் வெளியான மருத்துவ ஆய்வு தெரிவித்தது. பல் சிகிச்சைக் கருவியால் திறக்கப்பட்டு, சரிவர மூடாமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்ட உப்புநீர்க் குப்பியே தொற்றுக்கு வழி என அவ்வாய்வு கண்டது. கருவிகளை நீராவி அழுத்தக் கலனில் தொற்றுநீக்குதல், ஒவ்வொருவருக்கும் புதிய ஊசியும் கையுறையும் பயன்படுத்தல், புதிதாகத் திறந்த உப்புநீரைப் பயன்படுத்தல் ஆகியவற்றைக் குறித்துக் கேட்கும் உரிமை நோயாளருக்கு உண்டு.

பல் மருத்துவம் செய்வோர் பட்டம் பெற்று, மாநிலப் பல் மருத்துவப் பதிவேட்டில் பெயர் பதிந்திருத்தல் வேண்டும். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023 இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அழகு நிலையங்களில் செய்யப்படும் பல் வெளுப்பாக்கலில் சொத்தை, ஈறு நோய் ஆகியன கண்டறியப்படாமல் போகும் இடருண்டு.

சிகிச்சைக்கு ஒப்புமுன் நோயாளர் அறிந்துகொள்ள வேண்டியவை:

- கறை அல்லது கோணலின் காரணம்
- எவ்வளவு எனாமல் அராவப்படும்
- அராவாத மாற்று முறை உள்ளதா
- எத்தனை ஆண்டு நிற்கும், பின்னர் மாற்றும் செலவு எவ்வளவு

காஞ்சிபுரம் பகுதியில்

ஓரிக்கை, உத்திரமேரூர் போன்ற ஊர்களில் வாழ்வோர் சிறப்புச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் காஞ்சிபுரத்துக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டியுள்ளது. பல் மருத்துவக் கல்லூரிகளுடன் இணைந்த மருத்துவமனைகளில் பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்வதால் செலவு குறைவு. ஆயினும் பலமுறை வர நேரும். தமிழ்நாடு அரசுப் பல் மருத்துவக் கல்லூரி சென்னைக் கோட்டைத் தொடருந்து நிலையத்துக்கு எதிரே அமைந்துள்ளது. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகச் சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் புறநகர்த் தொடருந்து இந்நிலையத்தில் நிற்கும். கம்பி போடும் சிகிச்சைக்கு ஏறத்தாழ மாதந்தோறும் வரவேண்டுமாதலால், பயணச் செலவையும் கூலி இழப்பையும் கணக்கிட்டே முடிவெடுத்தல் நன்று.

காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. காஞ்சிபுரத்தில் பிறந்த முதலமைச்சர் கா. ந. அண்ணாதுரை 1969 இல் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் இறந்தார். அவ்வாண்டிலேயே இம்மருத்துவமனை தொடங்கப்பட்டது. பல் கறைக்காக வரும் வெற்றிலை, புகையிலைப் பழக்கமுள்ளவரின் வாய் முழுவதையும் பல் மருத்துவர் சோதிப்பதால், வாய்ப்புற்று தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட வாய்ப்புண்டு.

இவற்றையும் பார்க்க

- பற்சொத்தை
- ஈறு அழற்சி
- வேர்சிகிச்சை
- புளோரோசிஸ்
- வாய்ப் புற்றுநோய்